கலிமா சொன்னவனைக் கட்டியிழுக்கலாமா?
ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவிய வரலாறு: கீழேயிருந்து ஒரு பார்வை

இஸ்லாம் எப்படிப் பரவியது என்று கேட்டால் ரெண்டு பதில் தயாராக இருக்கும். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் குர்ஆன் என்று ஒரு சாரார் சொல்வார்கள். சமத்துவத்தைப் பார்த்து மக்கள் தாமாகவே ஓடிவந்து சேர்ந்தார்கள் என்று இன்னொரு சாரார். இந்த ரெண்டு பேருமே சேர்ந்தவன் யார் என்று கேட்பதில்லை. அவன் ராசாவா, வியாபாரியா, குடியானவனா, அடிமையா? சேர்ந்தபிறகு அவனுக்கு என்ன கிடைச்சது? கிடைக்காததை அவன் எதை வச்சுக் கேட்டான்? இதைக் கேட்காமல் எழுதப்படுகிற மதமாற்ற வரலாறு, மேலே இருந்தவர்களின் வரலாறாகத்தான் முடியும்.

ஆப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்தக் கண்டத்தில் இன்று 50 கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அங்கே இஸ்லாம் கால்வைத்து 1400 ஆண்டுகள் ஆகின்றன. வடக்கே படையோடு போனது, மேற்கே ஒட்டக வணிகரோடு போனது, கிழக்கே பாய்மரக் கப்பலில் போனது. இந்த மூன்று வழியிலும் கூடவே போன ஒரு சட்டம் உண்டு. சுதந்திரமாகப் பிறந்த முஸ்லிமை யாரும் அடிமையாக்கக் கூடாது. முஸ்லிம் ஆட்சிக்கு உட்படாத அந்நிய மதத்தவன் போரில் பிடிபட்டால் அடிமையாக்கலாம். பிடிபட்ட பிறகு அவன் கலிமா சொன்னால் விடுதலை தானாக வந்துவிடாது. எசமான் மனசு வைக்கணும்.

இந்த விதி உள்ளே இருப்பவனுக்கு வேலி, வெளியே இருப்பவனுக்கு வேட்டைக்காடு. ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவிய கதையை இந்த வேலியைப் பிடித்துக்கொண்டே படிக்கலாம். வேலிக்குள் வர யார் முயன்றார்கள், வந்தவர்களை யார் மறுபடி வெளியே தள்ளினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கையில் குத்திய பச்சை

மக்காவில் முதலில் கலிமா சொன்னவர்களில் அடிமைகள் இருந்தார்கள். அபிசீனிய வம்சத்து அடிமை பிலாலை அவருடைய எசமான் உமையா சுடுமணலில் படுக்கவைத்து நெஞ்சில் பாறையை ஏற்றினான். அபூபக்கர் அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். பிறகு தொழுகைக்கு அழைக்கும் முதல் மோதினார் ஆனவர் அந்தப் பிலால்தான். 615ல் மக்காவில் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் செங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குத்தான் ஓடினார்கள். அக்சூம் நாட்டின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். ஆக, ஆப்பிரிக்க மண்ணுக்கு இஸ்லாம் முதன்முதலாக வந்தது அகதியாக.

அடுத்த முறை வந்தது படையாக. 639ல் அம்ர் இப்னுல் ஆஸ் எகிப்துக்குள் நுழைந்தார். 642ல் அலெக்சாந்திரியா கைமாறியது. 651-52ல் நூபியாவின் வில்லாளிகள் அரபுப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். கண்ணைக் குறிபார்த்து அடிக்கிறவர்கள் என்று அரபிகளிடமே பேர் வாங்கினார்கள். அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கை நீண்டகாலம் நிலைத்தது. அதன்படி நூபியா ஆண்டுக்குச் சுமார் 360 அடிமைகளை அனுப்பியது. பதிலுக்குத் தானியமும் பிற பொருளும் வந்தன. சமாதானத்தின் விலையையும் கட்டியது அடிமைகள்தான்.

670ல் உக்பா இப்னு நாஃபி இன்றைய துனீசியாவில் கைரவான் நகரை நிறுவினார். வடஆப்பிரிக்காவின் பெர்பர் மக்கள் பல பத்தாண்டுகள் எதிர்த்துப் போராடினார்கள், பிறகு இஸ்லாத்துக்குள் வந்தார்கள். 711ல் தாரிக் இப்னு ஸியாதோடு ஸ்பெயினுக்குள் நுழைந்த படையில் பெரும்பகுதி இவர்கள்தான். சண்டையில் முன்னால் நிற்க முஸ்லிம்கள்தான். ஆனால் வரி கட்டும்போது? முஸ்லிமல்லாதவர் கட்ட வேண்டிய ஜிஸ்யா வரியை முஸ்லிமான பெர்பர்களிடமும் வசூலித்தார்கள். அவர்களுடைய பெண்களையும் பிள்ளைகளையும் டமாஸ்கஸுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். ஆட்கள் மாறினால் வரி குறைகிறது. வரி குறைந்தால் கஜானா காலி. அதனால் மாறினவனை மாறாதவனாகவே கணக்கில் வைத்தார்கள். கலீஃபா இரண்டாம் உமர் (717-720) இதைத் தப்பென்று நிறுத்தினார். அவர் போனதும் பழையபடி ஆகிவிட்டது.

720ல் கைரவானின் ஆளுநர் யஸீத் இப்னு அபீ முஸ்லிம் தன் பெர்பர் காவலர்களின் ஒரு கையில் அவனவன் பேரும் மறுகையில் ‘காவலன்’ என்றும் பச்சை குத்த உத்தரவிட்டான். மாட்டுக்குச் சூடுபோடுகிற மாதிரி. அந்தக் காவலர்களே அவனைக் கொன்றார்கள். 740ல் தாஞ்சியர் பக்கம் மைசரா என்பவர் தலைமையில் பெருங்கலகம் வெடித்தது. மைசராவைத் தண்ணி விற்றவர் என்று வரலாறு எழுதினவர்கள் ஏளனமாகக் குறிக்கிறார்கள். தண்ணி விற்றவர்தான், ஆனால் அவர் பின்னால் திரண்ட கூட்டத்தை உமையா அரசால் அடக்க முடியலை. மேற்கு மக்ரிப் அதன்பின் கலீஃபாக்களின் கைக்குள் முழுசாகத் திரும்பவே இல்லை.

கலகக்காரர்கள் இஸ்லாத்தைத் துறந்துவிட்டுச் சண்டைக்குப் போகவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது காரிஜியா கொள்கை. தகுதியுள்ள எந்த முஸ்லிமும் தலைவனாகலாம், அவன் அபிசீனிய அடிமையாக இருந்தாலும் சரி என்றது அது. அரபு வம்சத்துக்குத்தான் ஆட்சி என்பதை மதத்துக்குள்ளிருந்தே மறுத்தார்கள். ஆண்டவன் பேரைச் சொல்லி வந்தவனிடம் அதே ஆண்டவன் பேரைச் சொல்லிக் கணக்குக் கேட்டார்கள்.

பாங்கு சொன்னால் தங்கம் குறையுமாம்

சகாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் படை போகவில்லை, உப்பு போனது. பாலைவனத்து உப்புக்கட்டிகளை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய் தெற்கிலிருந்து தங்கமும் அடிமைகளும் கொண்டுவந்த பெர்பர் வணிகர்கள்தான் அங்கே முதல் தொழுகையாளிகள். 1068ல் எழுதிய அல்பக்ரி, கானா அரசின் தலைநகர் ரெண்டு ஊர்களாக இருந்தது என்கிறார். ஒன்று ராசாவின் ஊர். இன்னொன்று 12 பள்ளிவாசல்கள் கொண்ட முஸ்லிம்களின் ஊர். ராசா முன்னோர் வழியில் இருந்தார். கணக்கெழுதவும் மந்திரி வேலை பார்க்கவும் முஸ்லிம்களை வைத்துக்கொண்டார். எழுத்து, நிறுவை, கடன், நம்பிக்கை எல்லாம் இந்த மதத்தோடு வந்தன. அறிமுகமில்லாத ஊரிலும் முஸ்லிம் வியாபாரிக்குக் கடன் கொடுக்க ஆள் கிடைக்கும். வியாபாரிகளும் அரசர்களும் முதலில் மாறியதற்கு இது பெரிய காரணம்.

அப்போ அடியில் இருந்தவர்கள்? 1324ல் ஹஜ்ஜுக்குப் போன மாலி பேரரசர் மன்ஸா மூசா கெய்ரோவில் இறைத்த தங்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கெய்ரோவில் தங்கத்தின் விலையே விழுந்தது என்பார்கள். அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்களைப் பற்றி அல்உமரி ஒரு சேதி எழுதியிருக்கிறார். தங்கம் எடுக்கும் ஊர்களைப் பிடித்து அங்கே இஸ்லாம் பரவிப் பாங்கு ஒலித்தால் தங்கம் குறைந்துபோகிறது. ஆகவே மாலி அரசர்கள் அந்த மக்களை அவர்கள் மதத்திலேயே விட்டுவைத்துக் கப்பம் மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். பாங்கு சொன்னால் மண்ணுக்குள் இருக்கிற தங்கம் எப்படிக் குறையும்? தோண்டுகிறவன் தொழுகிறவனாகிவிட்டால் பழைய மாதிரி அவனைப் பிழிய முடியாது என்பதுதான் இதற்கு நான் காணும் அர்த்தம். மெக்காவுக்குப் போய்ச் செலவழித்த பேரரசின் வசதி, தோண்டுகிறவன் வேலிக்கு வெளியே இருப்பதைப் பொறுத்திருந்தது. மதம் பரவாமல் இருப்பதும் சில சமயம் மதத்தின் பேரால் ஆண்டவர்களுக்கே தேவைப்பட்டிருக்கிறது.

1352-53ல் மாலிக்குப் போன இப்னு பதூதா அங்கே குழந்தைகளைக் குர்ஆன் மனப்பாடம் செய்யவைக்கும் அக்கறையையும், வழிப்போக்கனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் மெச்சுகிறார். அவர் வடக்கே திரும்பிய வணிகக் கூட்டத்தில் சுமார் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அதையும் அவரே எழுதுகிறார், ஒட்டகத்தை எண்ணுகிற மாதிரி. எசமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணை விற்கக்கூடாது, அவன் செத்தால் அவள் விடுதலை, பிள்ளை பிறவியிலேயே சுதந்திரம் என்று சட்டம் சொன்னது. இந்த வழியில் எத்தனையோ பெண்களின் பிள்ளைகள் முஸ்லிம் சமூகத்துக்குள் வந்தார்கள். இதுவும் மதம் பரவிய வழிதான். அந்தப் பெண்களின் சம்மதம் எந்த ஏட்டிலும் இல்லை.

நிறம் வேலியை நகர்த்தியது

சட்டம் மதத்தைத்தான் பார்த்தது. ஆனால் பிடிக்கப்போனவன் தோலைப் பார்த்தான். கறுப்பாக இருந்தால் அடிமைதான், கலிமா சொன்னாலும் ஒன்றுதான் என்று நடைமுறை ஆகிவிட்டது. நோவாவின் மகன் ஹாமுக்கு இடப்பட்ட சாபத்தால்தான் கறுப்பர்கள் அடிமையானார்கள் என்று ஒரு கதையும் இதற்குத் துணை வந்தது. பிறப்பால் இழிவு என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒரு புராணம் கிடைத்துவிடுகிறது.

திம்புக்துவின் பெரிய அறிஞர் அஹ்மத் பாபா இதை மறுத்தார். 1591ல் மொராக்கோ படை அவர் நாட்டைப் பிடித்தது. அவரையே கைதியாக மராக்கேஷுக்கு இழுத்துப்போனார்கள். 1608ல்தான் ஊர் திரும்பினார். 1615ல் துவாத் பாலைவனச்சோலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதிலாக ‘மிஅராஜுஸ் ஸுஊத்’ என்ற நூலை எழுதினார். அடிமையாவதற்குக் காரணம் இறைமறுப்பு மட்டுமே, நிறம் காரணமல்ல, ஹாம் கதைக்கு ஆதாரமில்லை என்றார். சரிதான். ஆனால் அதே நூலில் எந்தெந்த இனத்தார் முஸ்லிம்கள், எந்தெந்த இனத்தாரை அடிமையாக்கலாம் என்று பட்டியலும் போட்டுக் கொடுத்தார். வேலியைத் திரும்ப அதன் இடத்தில் நட்டார். வெளியே இருந்தவர்களைப் பற்றி அவருக்குக் கேள்வி எழவில்லை.

அப்படி நட்ட வேலியும் நிற்கவில்லை. மொராக்கோ சுல்தான் மவ்லாய் இஸ்மாயில் (1672-1727) கறுப்பர்களைக் கொண்டு ஒரு அடிமைப்படை திரட்டினார். அடிமைகள் போதவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பு முஸ்லிம்களையும் பட்டியலில் சேர்த்தார். இது மார்க்கச் சட்டப்படி சரிதான் என்று கையெழுத்துப் போடும்படி ஃபெஸ் நகர உலமாக்களை நெருக்கினார். பலர் போட்டார்கள். அப்துல் ஸலாம் ஜஸ்ஸூஸ் என்ற அறிஞர் போடவில்லை. சுதந்திர முஸ்லிமை அடிமையாக்க முடியாது என்று நின்றார். 1709ல் அவரைக் கொன்றார்கள். சமத்துவம் அந்த மதத்தில் உண்டா இல்லையா என்று கேட்கிறவர்கள் கையெழுத்துப் போட்டவர்களையும் போடாதவரையும் சேர்த்தே கணக்கில் எடுக்கணும்.

கிழக்குக் கரை

கிழக்குக் கரையில் கதை கடலோடு நடந்தது. கென்யாவின் லாமு தீவுக்கூட்டத்தில் ஷாங்கா என்னும் இடத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய மரப் பள்ளிவாசலின் தடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கில்வா, மொம்பாசா, ஸான்ஸிபார் எனத் துறைமுகங்கள் வளர்ந்தன; ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலி அரபுச் சொற்களை வாங்கிக்கொண்டு வளர்ந்தது. ஆனால் பல நூற்றாண்டுகள் இஸ்லாம் கரையை விட்டு உள்நாட்டுக்குப் பெரிதாகப் போகவே இல்லை. கரைக்காரன் ‘உங்வானா’, அதாவது நாகரிகன். உள்நாட்டுக்காரன் ‘ம்ஷென்ஸி’, காட்டான். காட்டானிடம் யானைத்தந்தம் வாங்கலாம், அவனையே பிடித்து விற்கலாம். அவனுக்கு எதுக்குத் தொழுகை?

இந்தக் கரையிலிருந்தும் வேறு பகுதிகளிலிருந்தும் கொண்டுபோகப்பட்ட கறுப்பு அடிமைகள் தெற்கு ஈராக்கின் உவர்நிலங்களில் மேல்மண்ணைச் சுரண்டிச் சுமந்தார்கள். 869ல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 883 வரை, 14 ஆண்டுகள், அப்பாசியப் பேரரசை எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்ற அலீ இப்னு முஹம்மது, உங்களை அடிமைகளுக்கே எசமானர்கள் ஆக்குகிறேன் என்றுதான் வாக்களித்தார். அடிமைமுறையே வேண்டாம் என்று சொல்ல அந்தக் கலகத்துக்கும் வாய் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸான்ஸிபாரின் கிராம்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து இழுத்து வந்தார்கள். 1873ல் அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டது. அதற்குப் பின்னால் நடந்ததுதான் முக்கியம். விடுபட்டவர்களும் விடுபடாதவர்களும் காதிரியா போன்ற சூஃபி தரீக்காக்களில் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தார்கள். பள்ளிவாசலில் வம்சம் கேட்டவர்கள் இருந்தார்கள்; திக்ரு வட்டத்தில் கைகோத்து நிற்க வம்சம் தேவைப்படவில்லை. காங்கோ பக்கத்திலிருந்து சிறுவயதில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ராமியா, பகமோயோ நகரில் காதிரியாவின் பெரும் ஷைகு ஆனார். 1931ல் இறக்கும்வரை அவரிடம் அரபுக் குடும்பத்தாரும் ஓதவந்தார்கள். காட்டான் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் உள்நாட்டுக்கு இஸ்லாத்தைக் கொண்டுபோனார்கள்.

விடுதலை செய்தவர்களின் அடிமைகள்

அட்லாண்டிக் கரையில் வெள்ளைக்காரனின் அடிமைக் கப்பல் வந்தபிறகு உள்ளூர் அரசர்கள் தங்கள் குடிகளையே பிடித்து விற்றார்கள். முஸ்லிம் குடியானவனும் தப்பவில்லை. செனகல் ஆற்றங்கரையில் 1670களில் நாஸிருத்தீன் என்பவர், குடிகளை விற்கும் உரிமை எந்த அரசனுக்கும் இல்லை என்று கலகம் செய்தார். 1776ல் ஃபூத்தா தோரோவில் தோரோத்பே என்ற பிரிவினர் அரசைக் கைப்பற்றினார்கள். இவர்கள் பல இனத்திலிருந்தும் தாழ்ந்த நிலையிலிருந்தும் வந்து, ஓதக் கற்று ஒன்றானவர்கள். அப்துல் காதிர் கான் அல்மாமியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் மக்களை விற்கக்கூடாது என்று பிரெஞ்சுக்காரர்களோடு 1785ல் உடன்படிக்கை செய்தார். பெருமைக்குரியதுதான். ஆனால் ரெண்டு தலைமுறைக்குள் அந்தத் தோரோத்பேகளே நிலவுடைமை மேல்சாதி ஆனார்கள். அவர்கள் வயலிலும் அடிமைகள் உழைத்தார்கள்.

1804ல் இன்றைய வட நைஜீரியாவில் உஸ்மான் தன் ஃபோதியோ ஜிஹாதைத் தொடங்கியபோது, ஹவுஸா அரசர்கள் மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று சுதந்திர முஸ்லிம்களை அடிமையாக்கினார்கள் என்பது. அவருடைய மகள் நானா அஸ்மாவு கிராமத்துப் பெண்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஒரு பெண்கள் அமைப்பையே உருவாக்கினார். இந்த ஜிஹாதில் பிறந்த சொகோட்டோ கிலாஃபத் நூற்றாண்டு முடிவதற்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகளைக் கொண்ட அரசாகிவிட்டது. அங்கே அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் முழுசாக ஒழிந்தது பிரிட்டிஷ் ஆட்சியில், அதுவும் 1936ல்தான். அந்தப் பிரதேசத்துப் போர்களில் பிடிபட்டு பிரேசிலுக்கு விற்கப்பட்ட முஸ்லிம் அடிமைகள் 1835 ஜனவரியில், ரமலான் மாதத்தில், பாஹியாவில் கலகம் செய்தார்கள். சுமார் 600 பேர். கழுத்தில் அரபி எழுதிய தாயத்து. எந்த மதத்தின் பேரால் ஒருத்தன் ராச்சியம் கட்டினானோ, அதே மதத்தின் பேரால் இன்னொருத்தன் சங்கிலியை அறுத்தான்.

இஸ்லாம் ஆப்பிரிக்காவில் மிக வேகமாகப் பரவியது ஜிஹாதுகளின் காலத்திலல்ல. அதைக் காட்டிலும் கிறிஸ்தவ ஐரோப்பியர் ஆண்ட இருபதாம் நூற்றாண்டில்தான் வேகம் அதிகம். 1905ல் இன்றைய மாலியில் உள்ள பனம்பா ஊரில் அடிமைகள் கும்பல்கும்பலாக எசமானர்களை விட்டு வெளியேறினார்கள். அக்கம்பக்கத்திலும் இது தொற்றியது. பல ஆண்டுகளுக்கு முன் சூறையாடப்பட்ட தங்கள் சொந்த ஊர்களை, வசூலு போன்ற தெற்குப் பகுதிகளை, தேடி நடந்தார்கள். போகும்போது எசமான் வீட்டில் கற்ற தொழுகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். முஸ்லிம் படைகள் வாளைக் காட்டியும் மாற்ற முடியாத ஊர்களில், திரும்பிவந்த அடிமைகள் மூலம் இஸ்லாம் ஊன்றியது. ‘வாளால் பரவிய மதம்’ என்கிறவர்களிடமும், ‘மகான்களால் பரவிய மதம்’ என்கிறவர்களிடமும் இந்த நடைபயணத்துக்கு இடமில்லை.

செனகலில் ஷைகு அமாது பம்பாவை பிரெஞ்சு அரசு 1895ல் காபோனுக்கு நாடு கடத்தியது. 1902ல் அவர் திரும்பியபோது முரீதுகளின் கூட்டம் பெருகியிருந்தது. நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் அதில் திரளாகச் சேர்ந்தார்கள். உழைப்பே வணக்கம் என்று அங்கே சொல்லப்பட்டது. அடிமையின் இழிவாக இருந்த வேலைக்கு முதன்முதலாக மரியாதை வந்தது. அந்த உழைப்பில் விளைந்த வேர்க்கடலையால் ஷைகுகளும் வளர்ந்தார்கள், வெள்ளைக்கார வியாபாரியும் வளர்ந்தான் என்பதையும் சொல்லணும்.

மீதி இருப்பது

செனகலின் வொலோஃப் மக்களில் இன்று ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். ஆனாலும் அவர்களுக்குள் ‘கேர்’ என்றும் ‘ஞேஞோ’ என்றும் பிறவிப் பிரிவு இருக்கிறது. ஞேஞோ யார்? கொல்லர், தோல்வேலை செய்பவர், நெய்பவர், பறையடித்துப் பாடும் பாணர். இங்கே படிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் புதுசாக இருக்காது. ஒரே வரிசையில் தோள் சேர்த்துத் தொழுகிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் கேர் வீட்டில் இன்றும் மறுக்கிறவர்கள் உண்டு. குர்ஆனில் இதற்கு இடமே இல்லை என்று ஞேஞோக்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை அவர்களுக்குக் கொடுத்ததும் இஸ்லாம்தான். அதைக் காதில் போட்டுக்கொள்ளாத சமூகமும் இஸ்லாமியச் சமூகம்தான்.

மவுரித்தானியாவில் இன்னும் கடுமை. அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1981ல். அது குற்றம் என்று சட்டம் வந்தது 2007ல். 2015ல் தண்டனையைக் கூட்டினார்கள். ஹராத்தீன் எனப்படும் கறுப்பு மக்கள், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார், முஸ்லிம்கள். அவர்களுடைய எசமானர்களும் முஸ்லிம்கள். ரெண்டு பேரும் ஒரே மாலிகி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அடிமையை வாங்க, விற்க, பாகம் பிரிக்க விதி சொல்லும் பழைய சட்ட நூல்களும் அந்த மத்ஹபில் உண்டு. 2012 ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை, ஹராத்தீன் தலைவர் பிராம் தா அபேய்த் தலைநகர் நுவாக்சோத்தில் அந்தச் சட்ட நூல்களின் பிரதிகளைப் பகிரங்கமாக எரித்தார். 1927 டிசம்பர் 25ல் மகத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தது நம் நினைவுக்கு வராமல் போகாது. பிராமின் வீட்டில் புகுந்து போலீஸ் கைது செய்தது, மதத்துரோகி என்று ஊர்வலங்கள் போயின, சில மாதம் சிறையில் வைத்தார்கள். அவர் 2014, 2019, 2024 அதிபர் தேர்தல்களில் போட்டியிட்டு மூன்று முறையும் இரண்டாம் இடத்துக்கு வந்தார்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அம்பேத்கர் கடைசியில் அந்த மதத்தை விட்டே வெளியேறினார். பிராம் வெளியேறவில்லை. எரித்தது மனிதர்கள் எழுதிய சட்டத்தை, குர்ஆனை அல்ல, நான் முஸ்லிம் என்கிறார். 740ல் மைசரா பின்னால் நின்றவர்களும், 1709ல் ஜஸ்ஸூஸும் இதே இடத்தில்தான் நின்றார்கள். வெளியேறுவதா, உள்ளே நின்று கணக்குக் கேட்பதா என்பதை அடியில் இருப்பவன்தான் தீர்மானிக்க முடியும்; வரலாறு எழுத உட்கார்ந்தவன் அவனுக்காகத் தீர்மானிக்கக் கூடாது. அவன் கேட்ட கணக்கை மறைக்காமல் எழுதுவதுதான் எழுதுகிறவன் வேலை. இந்த 1400 ஆண்டுக் கணக்கு இன்னும் நுவாக்சோத்தின் நீதிமன்றங்களில் தீராமல் கிடக்கிறது.